ஊரில் இருக்கும் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியா, தஞ்சாவூரா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அம்மாவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். நான் பெங்களூரில். எதிர்வீட்டுப் பெரியவர் மாரடைப்பு வந்தும் நேரத்தோடு சிகிச்சை கிடைத்துப் பிழைத்திருக்கிறார். அப்பாவுக்கு அப்படி ஒன்று வந்தால் என்ன செய்யச் சொல்ல வேண்டும்? நேராகத் தஞ்சாவூருக்கே கொண்டுபோய்விடலாமா?

பதில்:

நேராகத் தஞ்சாவூர் வேண்டாம். முதலில் இ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனை. அங்கிருந்து தஞ்சாவூர். எதிர்வீட்டுப் பெரியவர் பிழைத்ததற்கும் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணமாக இருக்கும்.

இதய ரத்தக்குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைபட்ட அரைமணி நேரத்துக்குள் அந்தக் குழாய் ஊட்டும் தசை சாக ஆரம்பிக்கும். ஆறு மணி நேரம் போனால் காப்பாற்ற மிச்சம் கொஞ்சம்தான். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் எப்படிப் பார்த்தாலும் 65, 70 கிலோமீட்டர். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் என்றால் நூறைத் தாண்டும். அடைப்போடு ஒருவரை அவ்வளவு தூரம், வழியிலிருக்கும் மருத்துவமனைகளைக் கடந்து, சும்மா கொண்டுபோகக் கூடாது.

ஆனால் டெல்டாவில் நேரம் அதிகம் வீணாவது ரோட்டில் இல்லை, வீட்டுக்குள். "வாயுப்பிடிப்புதான், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று ஒரு சோடா, அப்புறம் ஓமத் தண்ணீர், அப்புறம் பெருங்காயம் போட்ட மோர், நெஞ்சில் தைலம். ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். குழப்பத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் அடைப்பு மேல்வயிற்று வலியாக, வாந்தியாக, ஏப்பமாகத்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் அசதியும் மட்டும் வரலாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து "இங்கெல்லாம் அழுத்துது" என்றால், அல்லது தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ ஏறினால், அல்லது உட்கார்ந்த இடத்திலேயே பனியன் நனைகிற அளவு குளிர்ந்த வியர்வை வந்தால், அது வாயு இல்லை. பத்து நிமிடம் பார்த்தும் விடவில்லை என்றால் போன். நினைத்தது தப்பாகி, அது வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

போன் செய்வதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பெங்களூரிலிருந்து நீங்கள் 108 அழுத்தினால் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அழைப்பு ஊரிலிருந்தே போக வேண்டும். அம்மா பதற்றத்தில் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார், அதை மாற்ற முடியாது. அதனால் பக்கத்து வீட்டில் இரண்டு பேர், தெருவில் கார் வைத்திருப்பவர் ஒருவர், கிராம சுகாதார செவிலியர், இத்தனை பேர் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். அம்மா கூப்பிட்ட உடனே நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் "அண்ணே, உடனே 108-க்கு அடிச்சு எங்க வீட்டு அடையாளம் சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும்.

அடையாளம் என்பது சின்ன விஷயம் இல்லை. மேலத்தெரு, கீழத்தெரு இல்லாத ஊர் டெல்டாவில் கிடையாது, ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களும் உண்டு. மாவட்டம், வட்டம், ஊராட்சி, தெரு, அதன்பிறகு மதகு, ரேஷன் கடை, பால் சொசைட்டி, மேல்நிலைத் தொட்டி என்று கண்ணில் படும் ஒன்று. இதை ஒரு அட்டையில் எழுதி நாள்காட்டி மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். போனில் "67 வயது, சர்க்கரை, நெஞ்சுவலி, வியர்வை" என்று சொன்னால் போதும். வண்டி வரும்போது ஒருவர் மெயின் ரோடு திருப்பத்தில் டார்ச்சோடு நிற்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், தெரு முனையில் அறுவடை மிஷின் நிற்கும். வண்டி மதகோடு நின்றுவிட்டால் அதற்கப்பால் அப்பாவை நடக்கவிடக் கூடாது. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் பின்னால் சாய்மானத்தையும் ஒருவர் முன்னால் கால்களையும் பிடித்துத் தூக்கினால் வயல்வரப்பிலும் கொண்டுவந்துவிடலாம்.

வண்டி வரும்வரை சுவரிலோ தலையணையிலோ சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கட்டும். தலைசுற்றினால் படுக்கவைக்கலாம். இந்த நேரத்தில் பலருக்கு "கக்கூஸ் வருது" என்ற உணர்வு வரும், விடக் கூடாது. முக்கும்போது ரத்த அழுத்தமும் துடிப்பும் தாறுமாறாகி உள்ளேயே விழுந்துவிடுவார்கள், கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதும் இதே மாதிரி ஆபத்துதான். வழியில் துடிப்பு நின்றால் அந்த இருவரால் எதுவும் செய்ய முடியாது. 108 வர அரைமணி நேரத்துக்கு மேலாகும் என்று தெரிந்தால் மட்டும் கார், பின் சீட்டில் சாய்த்து, கூட ஒருவர்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. முழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும். வயிற்றைப் பாதிக்காமல் இருக்க இந்த மாத்திரைகளில் பலவற்றுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும். அப்படியே விழுங்கினால் அது குடலுக்குப் போய்த்தான் கரையும், மென்றால் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கும். தண்ணீரில் கரைகிற வகை இருந்தால் கரைத்துக் கொடுக்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், அதைச் சாப்பிட்டால் ஆஸ்துமா கிளம்புபவர்கள், மலம் கறுப்பாகப் போகிறவர்கள், வயிற்றில் ரத்தம் கசிந்தவர்கள், வாய் கோணி ஒரு பக்கம் கைகால் இழுத்திருப்பவர்கள் இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அப்பாவின் டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாயை விரிக்க நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை அப்பாவுக்கென்று டாக்டர் எழுதித் தந்திருந்தால் ஒழிய யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதயத்தின் வலப்பக்க அறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு மாத்திரையில் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே மயங்கிவிடுவார். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ளோ டடாலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தாலும் இதே கதைதான். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகளை ஒரே வேளையாகக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் 75 நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. அந்த நிலையம் போகிற வழியில், திறந்திருந்தால் நல்லது. அதற்காகச் சுற்றிப் போகாதீர்கள். என்ன, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று அப்பா கையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த இடத்தில் மறுபடி கொடுக்காமல் இருக்க அது உதவும்.

மருத்துவமனைக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்காதீர்கள், "நெஞ்சுவலி" என்று சொல்லி நேராக அவசரப் பிரிவுக்குள் போங்கள். எடுத்த தாளைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது சூட்டில் அச்சாகும் காகிதம், வெயிலில் சட்டைப்பையில் கிடந்தால் கோடுகள் மங்கிவிடும். முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதற்காகக் கிளம்பிவிடக் கூடாது. வலி இருக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் முதல் சில மணி நேரம் சாதாரணமாகவே காட்டலாம்.

இ.சி.ஜி. கோட்டில் டாக்டர்கள் எஸ்.டி. என்று சொல்லும் பகுதி மேலே தூக்கியிருந்தால் குழாய் முழுக்க அடைபட்டிருக்கிறது என்று பொருள். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி மேசையில், அதாவது ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழலை விட்டுப் பலூனால், அடைப்பைத் திறக்க முடியுமென்றால் அதுதான் சிறந்தது. கும்பகோணத்திலோ ஒரத்தநாட்டிலோ இருப்பவருக்குத் தஞ்சாவூர் அந்தக் கணக்குக்குள் வரும். உங்கள் ஊரிலிருந்து, வண்டி ஏற்றி இறக்கி, டாக்டர் குழு தயாராவது எல்லாம் சேர்த்தால் அநேகமாக வராது. அப்போது கட்டியைக் கரைக்கும் ஊசி. டெனெக்டெப்ளேஸ் என்றால் உடல் எடையைப் பொறுத்து 30 முதல் 50 மில்லிகிராம், ஒரே ஊசியாக. 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி அளவு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரைமணி முதல் ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக. அது ஏறும்போது அழுத்தம் இறங்கலாம், குளிர் நடுக்கம் வரலாம். ஒருமுறை போட்டவர்களுக்கு அதையே மறுபடி போட மாட்டார்கள். வலி தொடங்கி 12 மணி நேரம்வரை ஊசிக்கு இடம் உண்டு, முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம்.

இங்கே கையெழுத்துக் கேட்பார்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். "மகன் வரட்டும், கேட்டுச் சொல்றோம்" என்று உறவினர் நிற்பது இந்த இடத்தில்தான், இதைத்தான் நீங்கள் இன்றே தீர்த்துவைக்க வேண்டும். "நான் வரும்வரை காத்திருக்காதீங்க, டாக்டர் சொன்னா கையெழுத்துப் போடுங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டாக்டர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதிலும் அதே அட்டையில் இருக்கட்டும்: பக்கவாதம் வந்ததுண்டா, எப்போது, தலையில் அடி, சமீபத்து ஆபரேஷன், வயிற்றில் ரத்தக்கசிவு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரை, வழக்கமான பி.பி. எவ்வளவு.

எஸ்.டி. தூக்காத மாரடைப்பும் உண்டு. அதற்கு இந்த ஊசி போட மாட்டார்கள், போட்டால் கெடுதல். "ஏன் பெரிய ஊசி போடல?" என்று அங்கே சண்டை பிடிக்க வேண்டாம்.

ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி இ.சி.ஜி. தூக்கியிருந்த எஸ்.டி. பாதியாவது இறங்கி, வலியும் அடங்கியிருந்தால் குழாய் திறந்திருக்கிறது. இறங்கவில்லை என்றால் உடனே கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரியில் அந்த வசதி உண்டு. திறந்திருந்தாலும் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் பார்த்தாக வேண்டும். கரைந்தது கட்டிதான், கொழுப்புத் திட்டு அப்படியே இருக்கிறது, மறுபடி அடைக்கும். வலி விட்டதும் "சரியாப் போச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவருவதைப் போல வருத்தமான தவறு வேறில்லை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ரேஷன் கார்டோடு ஒரே பையில் வையுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் அப்பா விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சில்லாமல் போனால் நெஞ்சை அழுத்த வேண்டும். விட்டுவிட்டு இழுக்கிற ஒரு மூச்சு வரும், "மூச்சு இருக்கே" என்று ஏமாந்துவிடுவார்கள், அது மூச்சே இல்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும், தரையில் கிடத்துங்கள். மார்புக்கு நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், தோள் நேர்மேலே. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள், கை சோர்ந்தால் ஆழம் குறைந்துவிடும். வாயோடு வாய் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "இருமினால் மாரடைப்பு நிற்கும்" என்பதை அம்மா போனில் பார்த்தால் அழித்துவிடுங்கள்.

திறந்த குழாய் மறுபடி சுருங்காமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தபின் ஆஸ்பிரினோடு சேர்ந்து வரும் இரண்டாவது மாத்திரையைப் பொதுவாக ஒரு வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். பல் பிடுங்க வேண்டுமென்று நாமே நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா நன்றாக இருக்கும்போதே ஒரு இ.சி.ஜி. எடுத்து, போட்டோவை உங்கள் போனிலும் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் வைத்துவிடுங்கள். சிலருக்குப் பழைய மாற்றமே புதிய அடைப்பு மாதிரித் தெரியும், பழைய தாள் இருந்தால் டாக்டர் ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டு முடிவெடுப்பார். அதே பயணத்தில் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி அரசு மருத்துவமனைகளிலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலும் நேரில் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு இ.சி.ஜி. எடுப்பீர்களா, கட்டி கரைக்கும் ஊசி இருப்பில் இருக்கிறதா? ஆமாம் என்று சொல்லும் மிக அருகிலுள்ள இடத்தின் பெயரை அட்டையின் முதல் வரியில் பெரிதாக எழுதுங்கள்.