சொந்த விமானம், சொந்தமாக ஓட்டுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 52, தோல் தொழில். நாலு பேர் உட்காரும் செஸ்னா விமானம் ஒன்று வாங்கி வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் நிறுத்திக்கொண்டு, சென்னைக்கும் பெங்களூருக்கும் நானே ஓட்டிப் போய்வர ஆசை. நடக்குமா? வயது தடையா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: வயது தடையே இல்லை, மெடிக்கல் பாஸ் ஆனால் போதும். ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிக்கொண்டு பறந்தாரே, அதே பயணத்தை 1982இல் 78 வயதில் ஒற்றை எஞ்சின் லெப்பர்ட் மாத் விமானத்தில் மறுபடி ஓட்டிக் காட்டினார்.

ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் வரிசைதான் தப்பு. முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் விமானம். புது செஸ்னா 172 இன்று மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். சொந்த உபயோகத்துக்கு என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மட்டும் 40 சதவீதம். இறக்குமதி அனுமதி, ‘விடி’ என்று தொடங்கும் பதிவு எண், பறக்கத் தகுதிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். பழைய விமானம் மலிவாகக் கிடைக்கும், சரி, ஆனால் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். செஸ்னா 172இல் இருக்கும் லைக்கமிங் கம்பெனி எஞ்சினை 2,000 மணி நேரத்தில் முழுசாகப் பிரித்து வேலை பார்க்கச் சொல்கிறார்கள், 1,800 மணி ஓடியதை ஒருவர் விலை குறைத்துத் தருகிறார் என்றால் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். ஓடாமலே நின்ற எஞ்சின் இன்னும் மோசம், உள்ளே ஈரம் தங்கி கேம்ஷாஃப்ட் என்ற உள்தண்டில் துரு பிடிக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வாரம் ஒரு தடவையாவது பறக்க முடியாதவர் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

பெட்ரோல் பங்க்கில் போய் நிரப்ப முடியாது. அதற்கு ஏவ்காஸ் என்ற தனிப் பெட்ரோல், எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது, மணிக்கு 35 லிட்டர் போலக் குடிக்கும். அப்துல்லாபுரம் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சீரமைத்திருக்கிறார்கள், ஆனால் ஓடுதளம் இருப்பது வேறு, உங்கள் விமானத்தை அங்கே நிரந்தரமாக நிறுத்த விடுவது வேறு. விமான நிலைய ஆணையத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆம்பூரிலிருந்து அப்துல்லாபுரம் வந்து, விமானத்தைச் சோதித்து, வானிலை பார்த்து, பறக்கும் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிக் கிளம்புவதற்குள் உங்கள் டிரைவர் கிருஷ்ணகிரியைத் தாண்டியிருப்பார். பொழுது சாய்வதற்குள் திரும்பவும் வேண்டும், மழைக்காலத்தில் பல நாள் கிளம்பவே முடியாது. வானத்தில் இருப்பதே சந்தோஷம் என்று நினைக்கிறவருக்குத்தான் இது. அப்படிப்பட்டவர் என்றால் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து வாடகை விமானத்தில் ஒரு வருஷம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லையா, நம்பிக்கையான இரண்டு பேரோடு கூட்டாக வாங்குங்கள். விமானமும் சும்மா நிற்காது, செலவும் மூன்றாகப் பிரியும்.

கேள்வி: நான் பி.காம். படிக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன். விமானம் ஓட்டக் கற்க முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள். (கல்லூரி மாணவி, காட்பாடி)

பதில்: தாராளமாக முடியும்மா. தனியார் பைலட் லைசென்ஸுக்கு 17 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும், மாணவர் லைசென்ஸ் 16லேயே வாங்கலாம். கண்ணாடி போட்டால் பார்வை சரியாகிறது என்றால் அது ஒரு தடை இல்லை, நிறம் பிரித்துப் பார்க்கிறீர்களா என்பதையும் சோதிப்பார்கள். அதனால் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை முடித்துவிடுங்கள். தனியார் லைசென்ஸுக்கு கிளாஸ் 2, பின்னால் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே கிளாஸ் 1.

குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், வேலைக்கான லைசென்ஸுக்கு 200 மணி. ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு 40 மணியில் முடிவதும் இல்லை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். கணக்கோடு வரும் பெண்ணைப் பார்த்து யாரும் ரொம்ப நாள் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒற்றை எஞ்சின் நடுவானில் நின்றுவிட்டால் கல் மாதிரி விழ வேண்டியதுதானே? (குடியாத்தம் வாசகர்)

பதில்: இல்லை. விமானத்தைத் தூக்குவது இறக்கை, எஞ்சின் முன்னால் இழுக்கத்தான். எஞ்சின் நின்றதும் பைலட் மூக்கை லேசாகத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் அது மிதந்தபடி இறங்கும். செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது கிலோமீட்டர் போல முன்னால் போகும். வேலூர் கோட்டைக்கு மேலே 1,200 மீட்டரில் எஞ்சின் நின்றால், எதிர்காற்று பலமாக இல்லையென்றால், அப்துல்லாபுரம் ஓடுதளம் எட்டும் தூரம்தான். எட்டாவிட்டால் தென்னந்தோப்பும் மின்கம்பியும் இல்லாத வயலாகப் பார்த்து இறக்க வேண்டும். இதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள், இன்ஸ்ட்ரக்டர் திடீரென்று எஞ்சினைத் தணித்துவிட்டு “எங்கே இறக்கப்போகிறாய், காட்டு” என்பார்.

எனக்குப் பயம் எஞ்சின் மேல் இல்லை. நல்ல எஞ்சினோடு மேகத்துக்குள் நுழைந்து மேல் கீழ் தெரியாமல் போவது, தாழ்வாகப் பறந்து வேகம் இழப்பது, பெட்ரோல் தீர்ந்துபோவது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பது, உயிரை எடுப்பவை இவைதான், எல்லாமே பைலட் கவனமாக இருந்தால் தடுக்கக் கூடியவை. கிளம்பும் முன் இறக்கைக்கும் உடலுக்கும் அடியில் இருக்கும் வால்வுகளில் சின்ன கண்ணாடிக் கப்பை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பார்கள், 172எஸ் மாடலில் அப்படி 13 இடங்கள். ஏவ்காஸ் இளநீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் கப்பின் அடியில் நிறமில்லாத முத்து மாதிரி தனியாக உட்காரும். கப் முழுக்க நிறமே இல்லையென்றால் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படக் கூடாது, அது முழுக்கத் தண்ணீராக இருக்கலாம், முகர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் இறக்கை மேல் ஏறி, டேங்கில் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பது. மீட்டர் முள்ளை மட்டும் நம்பிக் கிளம்பும் பைலட்டோடு நான் ஏற மாட்டேன்.

கேள்வி: கோடையில் பயிற்சி விமானங்களைக் காலையிலேயே ஓட்டி முடித்துவிடுகிறார்களாமே, எஞ்சின் சூடாகிவிடுமா? (ஆரணி வாசகர்)

பதில்: எஞ்சின் சூடும் உண்டு, ஆனால் முக்கியக் காரணம் காற்று. சூடான காற்று இளகி லேசாகிவிடும். இறக்கைக்கும் புரொப்பல்லருக்கும் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அப்துல்லாபுரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 230 மீட்டர்தான், ஆனால் மே மாதம் 42 டிகிரி அடிக்கும் மத்தியானத்தில் விமானத்துக்கு அது 1,250 மீட்டர் உயரம் மாதிரி, அதாவது ஏலகிரி உச்சியிலிருந்து கிளம்புகிற கதை. அனுமதித்த முழு எடையோடு கடல்மட்டத்தில் இதமான நாளில் ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் 15 மீட்டர் உயரம் ஏறிவிடும் 172எஸ், இப்படிப்பட்ட மத்தியானத்தில் அதற்கே 700 மீட்டர் போல எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் ஓடுதளமும் குட்டை, சுற்றிலும் குன்று வேறு. விடிகாலையில் கிளம்புங்கள், முடியாவிட்டால் ஒரு ஆளை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பத்து ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. சொந்தமாக ஓடுதளம் போடலாமா? (வாலாஜா விவசாயி)

பதில்: நினைத்தவுடன் போட முடியாது, மத்திய அரசு அனுமதி வேண்டும். உங்களுக்கு இன்னொரு சிக்கல், பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளம், கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் பறக்கும் இடம். அந்த வானத்தில் தனி ஆளுக்குச் சுலபமாக இடம் கிடைக்காது. நிலத்தில் வேர்க்கடலை போடுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கியபின் தெரிந்தவர்களைத் திருப்பதிக்கு அழைத்துப் போய், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கலாமா? (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: கூடாது. தனியார் லைசென்ஸில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்ட விரோதம், அதற்கு வேலைக்கான லைசென்ஸும் விமான சேவை நடத்தும் அனுமதியும் வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரரும் கைவிரிப்பார். சும்மா அழைத்துப் போவதானால் உங்கள் பாலிசி கூட வருபவர்களுக்கும் சேர்த்துத்தானா என்று முதலில் பாருங்கள், ஏறுவதற்கு முன் ஒவ்வொருவர் எடையையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.