ரெட்டைக் குழந்தைகள், ஒரே கொடிக்கயிறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீடுகளிலிருந்து துணி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எல்லோரும் எப்படித் துவைப்பது என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் ஈரத்துணி காத்துக் கிடக்கும் நேரம்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். அதனால் பதில்களில் அந்த விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ரெட்டை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். லங்கோடு எத்தனை தைத்து வைப்பது? கடையில் விற்கும் தடிமனான துணி டயப்பர் வாங்கினால் வேலை குறையுமா?
(வாசகி, தாம்பரம்)

குழந்தைகளின் எண்ணிக்கையோடு, உங்கள் வீட்டில் துணி காய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறந்து ஐந்தாறு நாள் ஆனதும் ஒரு குழந்தை நாளுக்குக் குறைந்தது ஆறு முறை சிறுநீர் கழிக்கும். பத்துப் பன்னிரண்டு முறை போகும் பிள்ளைகளும் உண்டு. ஒரு பிள்ளைக்கு 12 துணி என்றால் இருவருக்கும் 24. இன்றைக்கு 24, நேற்றையது கொடியில் 24, அவசரத்துக்கு ஒரு டஜன். ஆக 60 வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால், காய இரண்டு நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு இன்னும் 24 சேருங்கள்.

இத்தனைக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பல தடவை துவைத்து நைந்த பருத்தி எட்டு முழ வேட்டி ஒன்றில், கரையை வெட்டி நீக்கிவிட்டு, சுமார் 60 சென்டிமீட்டர் சதுரமாக 12 துண்டுகள் எடுக்கலாம். ஐந்து வேட்டியில் அறுபதும் வந்துவிடும். ஓரத்தை மடித்துத் தையல் போடாமல் விடாதீர்கள். பிரிந்து தொங்கும் நூல் குழந்தையின் விரலிலோ ஆண்குறியிலோ சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி ஈரத்தை உறிஞ்சாது, அது வேண்டாம்.

தடிமனான துணி டயப்பரில் உள்ளே பல அடுக்கு. மேல்பக்கம் காய்ந்தது போலத் தோன்றினாலும் நடு அடுக்கில் ஈரம் நிற்கும். நல்ல வெயிலிலேயே ஒரு முழு நாள் எடுக்கும். ஒற்றை வேட்டித் துண்டு வெயிலும் காற்றும் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். ரெட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு மெல்லிய துணிதான் கைகொடுக்கும் என்பது எங்கள் கருத்து. தடிமனானதை வெளியே போகும் நேரத்துக்கு ஆறோ எட்டோ வைத்துக்கொண்டால் போதும்.

மற்றபடி ஜபலா 20, வாய் துடைக்கும் துண்டு 20, ஒரு தூளிக்கு இரண்டு பருத்திச் சேலை வீதம் நான்கு. ஜபலாக்களை "இது இவனுக்கு, இது அவளுக்கு" என்று பிரிக்காமல் அளவு வாரியாக அடுக்குங்கள். ரெட்டையரில் ஒருவர் எடை கூடுதலாக இருப்பது வழக்கம். பெரியவருக்குச் சிறுத்துப்போனது அப்படியே சின்னவருக்கு ஆகும்.

சிசேரியன் ஆகி மூன்று வாரம். கணவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார். வாளியில் துணி ஊறிக்கொண்டே கிடக்கிறது, அம்மோனியா நெடி தாங்கவில்லை.
(வாசகி, ஓசூர்)

முதலில் ஒன்று. 15 லிட்டர் வாளி நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல். அதை நீங்கள் தூக்கவே கூடாது. அறுவைக் காயம் ஆறும் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது.

அந்த நெடி வருவது ஊறவைப்பதால்தான். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு நெடி. ஆகவே சிறுநீர்த் துணியை ஊறவைக்காதீர்கள். மாற்றியவுடன் குழாயடியில் ஒரு அலசு, ஒரு பிழி, பிறகு தண்ணீர் இல்லாத மூடி போட்ட கூடையில் போடுங்கள். அப்படி வைத்தால் அரை நாள் தாங்கும். மலத்துணிக்குத் தனி வாளி வேண்டும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, கறை மேல் பார் சோப்பைத் தேய்த்துப் போடுங்கள். அரை மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம்.

பிறகு நேரப் பங்கீடு. இரவில் சேர்ந்ததைக் கணவர் காலை ஆறு மணிக்கு மெஷினில் போட்டு, கிளம்பும் முன் கொடியில் உலர்த்திவிட்டுப் போகட்டும். முழு நாள் வெயில் கிடைப்பது அந்தத் துணிக்குத்தான். அதனால் பெரிய சுமையைக் காலையில் வையுங்கள். பகலில் சேர்வது குறைவாக இருந்தால் மதியம் யாராவது ஒருமுறை கையால் கும்மி அலசினால் போதும். மாலையில் வந்ததும் கணவர் மடிக்கட்டும். லங்கோடுகளை நேர்த்தியாக மடிக்கத் தேவையில்லை. கூடையில் கொட்டி வைத்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

இரவில் மட்டும், ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடும் டயப்பர் போடுவதைக் குற்றமாக நினைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் ராத்திரி மட்டும் போட்டால் எட்டுப் பத்துத் துணி குறையும், உங்களுக்கும் தூக்கம் கிடைக்கும். பயன்படுத்தியதை மலத்தை நீக்கி, காகிதத்தில் சுற்றி, குப்பை வாங்க வருகிறவரிடம் தனியாகக் கொடுங்கள்.

நெடியைப் போக்க என்று அந்த வாளியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள். அது அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சுத் திணறவைக்கும் வாயு வரும். பிள்ளைகள் தவழத் தொடங்கும் காலத்தில் வாளியில் தண்ணீரே விட்டுவைக்க வேண்டாம். அரையடித் தண்ணீரில் கூடக் குழந்தை மூழ்கிவிடும்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. ஒரே மாதத்தில் லங்கோடு அட்டை மாதிரி விறைத்துவிட்டது. சோப்புத்தூள் கூடப் போட்டும் சரியாகவில்லை.
(வாசகர், பொள்ளாச்சி)

கூடப் போட்டதால்தான் மோசமாகியிருக்கிறது. உங்கள் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து தயிர்த் திரி போலத் திரண்டு நூலிழைகளில் படிகின்றன. மேலும் சோப்பு போட்டால் மேலும் படிவு. அந்தப் படிவு உராய்ந்து பிள்ளையின் தொடை இடுக்கு சிவக்கவும் கூடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள: காய்ந்த லங்கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே இழுக்க வேண்டும். முத்துப் போல நின்றால் படிவு இருக்கிறது என்று பொருள். (டயப்பர் கிரீமின் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் இப்படி நிற்கும். கிரீம் தடவிய நாளில் உள்ளே ஒரு பழைய மெல்லிய துண்டு வைத்து, அதைத் தனியாகத் துவையுங்கள்.)

படிவை எடுக்க, சோப்பே போடாமல் நல்ல சுடுதண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நுரை வருவது நிற்கும் வரை அலச வேண்டும். இனி துவைக்கும்போது 15 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பொடியோ திரவமோ போடுங்கள். சமையல் சோடா வேறு, அது இந்த வேலையைச் செய்யாது. சலவை சோடா கையை எரிக்கும், கையுறை போடுங்கள். இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ ஆற்றுத் தண்ணீரோ கிடைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

மெஷின் என்றால் டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணிக்காமல், கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷின்கள் தண்ணீரைச் சிக்கனமாக எடுப்பவை. லங்கோட்டிலிருந்து சோப்பு முழுதாகப் போக அந்தத் தண்ணீர் சில சமயம் போதாது. நாடா வைத்த துணிகளை முடிச்சு அவிழ்த்து வலைப்பையில் போடுங்கள். சாக்ஸையும் அப்படியே, இல்லையென்றால் மெஷின் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் போய்விடும். கடைசியில் ஊற்றும் மென்மைத் திரவம் லங்கோட்டுக்கு வேண்டாம். அது நூல் மேல் மெழுகு போலப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். விறைப்பு போகக் கொடியில் போடும் முன்னும் எடுத்த பின்னும் நன்றாக உதறினாலே பாதி சரியாகும்.

மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டேன்.
(வாசகி, கும்பகோணம்)

கறை இருக்கும்போதே கொதிநீரில் போட்டால் பால், மலம் இவற்றின் புரதம் நூலில் இறுகிவிடும். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், சூடு பிறகு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் பித்த நிறமி. வெளிச்சம் பட்டால் அது தானாகச் சிதையும். துவைத்த துணியை ஈரத்தோடு, கறைப் பக்கம் சூரியனைப் பார்க்கும்படி விரியுங்கள். இரண்டு மூன்று வெயிலில் மங்கிவிடும். புட்டிப்பால் கறை இதைவிடப் பிடிவாதம். அதை உடனுக்குடன் அலசினால்தான் உண்டு. அதையும் மீறி நிற்கும் கறை வெறும் நிறம்தான், துணி சுத்தம்தான்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் இடுக்கில் சிவந்து சின்னச் சின்னப் பொரியாக இருக்கிறது. இன்னொரு பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமா? துணியைப் பிரிக்கணுமா?
(வாசகி, திருச்சி)

தொடை மடிப்புக்குள்ளேயே அடர் சிவப்பும், ஓரத்தில் தனித்தனிப் புள்ளிகளும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்புண்டு. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண கிரீமில் அது ஆறாது. அது ஆறும் வரை மட்டும் பிரியுங்கள். ஒருவர் லங்கோட்டின் மூலையில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டால் போதும், அடையாளம் தெரியும். அந்தத் துணிகளை 60 டிகிரியில் அல்லது கை பொறுக்காத சூட்டில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். ஆறிய பிறகு பழையபடி ஒன்றாகப் போடலாம்.

கடைசி அலசலில் டெட்டால் ஊற்றலாமா?
(வாசகர், சேலம்)

வேண்டாம். துணியில் தங்கித் தோலை எரிக்கும். வெயிலும் இஸ்திரியும் போதும்.

இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். துணி காயாமல் பூஞ்சை வாடை. மாமியார் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை காட்டச் சொல்கிறார்.
(வாசகி, நாகர்கோவில்)

மாமியார் சொல்வது ஈரவாடைக்குத்தான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் புகை துணியில் தங்கி, பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். ரெட்டைப் பிள்ளைகளில் பலர் மாதம் நிறையும் முன்பே பிறந்தவர்கள், அவர்களுக்கு நுரையீரல் இன்னும் மென்மை. ஆகவே புகை வேண்டாம்.

மெஷினில் பிழியும் சுற்றை மட்டும் தனியாக இன்னொரு முறை ஓட்டுங்கள். காயும் நேரம் கண்கூடாகக் குறையும். உள்ளறையில் கொடி கட்டி, துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, பெடஸ்டல் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். ஜன்னலை ஒருக்களித்துத் திறக்காவிட்டால் அறைக்குள்ளேயே ஈரம் சுற்றிக்கொண்டிருக்கும். முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பின் அடுக்குங்கள். சூடாகவே அடுக்கினால் உள்ளே ஆவி தங்கி மறுபடி வாடை வரும். தொட்டுப் பார்த்துக் காய்ந்ததா என்று தெரியாவிட்டால் தையல் மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் ஈரம். கேஸ் அடுப்புக்கு மேலே துணி போடவே கூடாது.

அக்கா பிள்ளைகளின் பழைய துணி ஒரு பெட்டி வந்திருக்கிறது. அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்கள். அப்படியே உடுத்தலாமா?
(வாசகி, மதுரை)

உடுத்தக் கூடாது. உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலோ தோலில் பட்டாலோ சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும். இந்தக் குறைபாடு நம் நாட்டிலும் உண்டு, வெளியில் பார்த்தால் தெரியாது. எண்ணெய் தேய்த்த தோல் அதை இன்னும் எளிதாக உறிஞ்சும்.

பெட்டியைக் குழந்தைகள் இல்லாத இடத்தில் திறந்து, உருண்டைகளை எடுத்துவிட்டு, துணிகளைப் பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, இரண்டு மூன்று முறை துவையுங்கள். மூக்கருகே வைத்தால் துளி வாடைகூட இருக்கக் கூடாது. கம்பளியும் தடித்த போர்வையும் வாடையை விடாது, அவற்றை முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே உடுத்திவிட்டு, கண்ணோ தோலோ மஞ்சளாகவோ, வெளிறியோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்திலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், அந்துருண்டை விஷயத்தையும் சொல்லுங்கள். மருத்துவர் தானாக அதை ஊகிக்க முடியாது.

விளக்கு வைத்த பிறகு பிள்ளை துணி வெளியே கிடக்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், விருத்தாசலம்)

கடைப்பிடியுங்கள், நல்ல வழக்கம்தான். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கிக் காய்ந்த துணி மறுபடி ஈரமாகும், விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பால் கறைக்கு எறும்பு ஏறும். கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் கொடியை அதிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கம்பளிப்பூச்சியின் ரோமம் துணியில் ஒட்டினால் பிள்ளை உடம்பெல்லாம் தடித்துவிடும். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பி உதறிவிட்டு எடுங்கள்.