கேடிஎம் ஆர்சி 390 பைக்கை டிராக்கில் ஓட்ட, பின் டயரை 160 அளவுக்கு மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கம்பெனி கொடுத்த 150/60லேயே இருங்கள் (முதல் எண்தான் அகலம், இரண்டாவதைப் பின்னால் சொல்கிறேன்). டிராக்குக்கென்றே தனியாக ஒரு செட் வாங்கப் போகிறீர்கள் என்றால் 140/70 பாருங்கள். ஆமாம், இருப்பதைவிட ஒல்லியான டயரைத்தான் சொல்கிறேன். இதைச் சொன்னால் டயர் கடைக்காரர் முதல் பக்கத்து பிட்டில், அதாவது டிராக் ஓரம் பைக்கை நிறுத்தும் இடத்தில், நிற்பவர் வரை என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். அதனால் ஒரு வரியில் முடிய வேண்டிய பதில் நீளப் போகிறது.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். முதல் டிராக் டே (சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) முடிந்திருக்கும், அல்லது அடுத்த மாதம் வரும். பின் டயர் தேய்ந்திருக்கும். கடைக்குப் போனால், "160 போடுங்க சார், கிரிப் சும்மா பிச்சுக்கும், பார்க்கவும் பெரிய பைக் மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். நண்பர் ஒருவரும் போட்டிருப்பார். பார்க்க நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. கிரிப் கூடும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

என் ஆர்சி 390ஐ நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய ஓனர் அதில் 160/60 டயர் போட்டிருந்தார். நல்ல கம்பெனி டயர், அதிகம் ஓடாதது, தூக்கிப் போட மனம் வராது. அப்படியே சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனேன். நேர் பாதையில் ஒன்றும் தெரியவில்லை. வலது வளைவிலிருந்து உடனே இடதுக்கு மாற வேண்டிய இடங்களில்தான் தெரிந்தது. பைக் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஹேண்டிலை வலுவாகத் தள்ளினால்தான் அடுத்த பக்கம் சாய்ந்தது. மிக ஆழமாகச் சாய்ந்திருக்கும்போது த்ராட்டிலைத் திறந்தால் பின்பக்கம் லேசாக நெளிந்தது. வழுக்கவில்லை. டயரின் பக்கச்சுவர் அசைந்துகொடுப்பது இருக்கைக்கு அடியில் தெரிந்தது.

செஷன் முடிந்து பிட்டுக்கு வந்தபோது டயரின் இரண்டு ஓரத்திலும் தரையைத் தொடாத ஒரு பட்டை அப்படியே புதிதாக இருந்தது. அதைக் காட்டி நான்கு பேர், "இன்னும் சாய்க்கப் பயப்படுறீங்க" என்றார்கள். ஆழமாகச் சாயும்போது தரையில் உரசும் என் முழங்கால் ஸ்லைடர் தேய்ந்து போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஓரத்துப் பட்டையை வைத்து ஓட்டுபவரை எடைபோடும் பழக்கம் எப்போது தீருமோ தெரியவில்லை. அந்தப் பட்டை எவ்வளவு மிச்சமாகும் என்பதில் ரிம்முக்கும் டயருக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

ஆர்சி 390ன் பின் ரிம் 4 அங்குல அகலம். 160/60 டயருக்கு உரிய ரிம் அகலம் 4.5 அங்குலம். கவாசாகி நிஞ்ஜா 650ல் அதே டயர் அளவு வருகிறது, அதற்கு ரிம்மும் 4.5 அங்குலம்தான். அந்த டயரை அரை அங்குலம் ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் இரண்டு பக்கச்சுவரும் உள்ளே இழுபடும். டயரின் நடு மேடு கூம்பும், ஓரங்கள் ரிம் பக்கமாக மடங்கிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு சாய்த்தாலும் அந்த ஓரம் தரைக்கு வராது. காசு கொடுத்து வாங்கிய கூடுதல் அகலம் வேலை செய்ய வேண்டிய இடமே அந்த ஓரம்தான். அது காற்றில் நிற்கிறது.

"அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் கூடுமே" என்று கேட்பீர்கள். நினைக்கிற அளவுக்குக் கூடாது. தரையில் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை டயர் மேல் இறங்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். அகலமான டயரில் அந்தப் பதிவு குறுக்கே நீண்டு, நெடுக்கே சுருங்கும். வடிவம்தான் மாறுகிறது. கிரிப்பை உண்மையில் தருவது ரப்பரின் காம்பவுண்டும் (கலவை), அது சரியான சூட்டில் இருப்பதும். 43 குதிரைத்திறன் சொச்சம் உள்ள ஒற்றை சிலிண்டர் பைக்கால் பெரிய டயரை முழுதாகச் சூடேற்றுவதே சிரமம்.

இன்னொன்றும் சொல்வார்கள்: அகலமான டயரில் அதே வேகத்துக்கு அதிகம் சாய்க்க வேண்டும் என்று. அது உண்மை. சாயும்போது தரையைத் தொடும் புள்ளி டயரின் நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்கிறது, டயர் அகலமாக ஆக அந்த நகர்வும் கூடும். ஆனால் 150க்கும் 160க்கும் நடுவே இது அரை டிகிரிக்கும் கீழேதான் வரும், நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் இதைப் பெரிய காரணமாகச் சொல்ல மாட்டேன். ரிம்தான் காரணம், கூடவே கூடுதல் எடை.

இதெல்லாம் மனப் பிரமை என்று சொல்ல வருபவர்களுக்கு: நண்பர் ஒருவரிடமிருந்து அதே கம்பெனி, அதே மாடல் டயரை 150/60 அளவில், அதே ரிம்மோடு கடன் வாங்கி, ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓட்டினேன். காற்றழுத்தம் ஒன்று, சஸ்பென்ஷனைத் தொடவில்லை. 150ல் ஓரம் வரை ரப்பர் தேய்ந்தது. அதே ஆள், அதே பைக், அதே வெயில். முன்பு என்னைப் பயந்தாங்கொள்ளி என்றவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை. லேப் நேரமும் குறைந்தது. அதை மட்டும் ஆதாரமாகக் காட்ட மாட்டேன், பிந்தைய செஷனில் யாருக்கும் கொஞ்சம் குறையும்.

லேப் நேரம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பல டிராக் டேக்களில் குரூப் பிரிப்பது பைக்கின் சிசியை வைத்து. லிட்டர் பைக் (1000 சிசி) வைத்திருப்பவர் வாழ்க்கையில் முதல்முறை டிராக்குக்கு வந்திருந்தாலும் வேகமான குரூப். 390 வைத்திருப்பவர் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் புதியவர்களோடு. லிட்டர் பைக்காரர் நேர் பாதையில் அம்பு போலப் பறந்துவிட்டு வளைவில் நின்றுவிடுவார். பின்னால் வருபவருக்கு அது எவ்வளவு ஆபத்து! ஒரு ஏற்பாட்டாளரிடம் இதைப் பணிவாகத்தான் சொன்னேன். "அடுத்த தடவை பெரிய பைக் கொண்டு வாங்க" என்று பதில் வந்தது. ஓட்டுபவரின் லேப் நேரத்தை வைத்துப் பிரிக்க ஒரு காலை நேர செஷன் போதும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்தச் சோம்பலை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, டயருக்கு வருவோம். 140/70 ஏன் என்கிறேன்?

உலக சூப்பர்பைக் போட்டிகளோடு 2017ல் தொடங்கிய சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவில் ஆர்சி 390ம் ஓடியது, யமஹா ஆர்3, நிஞ்ஜா 400 எல்லாம் ஓடின. எல்லோருக்கும் பிரெல்லி டயர், பின்னால் 140/70, முன்னால் 110/70. நிஞ்ஜா 400 கடையிலிருந்து வருவது 150/60ல்தான், அதுவும் அங்கே 140க்கு வந்தது. அகலம்தான் வேகம் என்றால் அங்கே 160 அல்லவா ஓடியிருக்க வேண்டும்? ஒரே கம்பெனி டயர் என்பதால் அணிகளுக்குத் தேர்வு இல்லை என்று வாதிடலாம், சரிதான். ஆனால் அந்த எடைக்கும் சக்திக்கும் எது பொருந்தும் என்று டயர் செய்பவர்களே முடிவு செய்த அளவு அது. மோட்டோ 3 என்ற 250 சிசி உலகப் போட்டியில் 2023 வரை பின் டயர் அளவு 115/75. அவர்கள் வளைவில் போகும் வேகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கணக்கும் பாருங்கள். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 150/60ல் உயரம் 90 மிமீ. 140/70ல் 98. 17 அங்குல ரிம்மோடு சேர்த்தால் மொத்த விட்டம் 612 மிமீ, 628 மிமீ. பெயரில் ஒல்லியான டயர் உண்மையில் 16 மிமீ உயரமானது. பைக்கின் பின்பக்கம் 8 மிமீ தூக்கும். 1,340 மிமீ வீல்பேஸில் (இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம்) இது முன் ஃபோர்க்கின் சாய்வைச் சுமார் மூன்றில் ஒரு டிகிரி குறைக்கும், டிரெயிலும் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்கும் முன் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) இரண்டு மிமீ போலக் குறையும். வளைவில் பைக் சட்டென்று இறங்குவதற்கு இதுதான் காரணம். அதோடு, உயரமான பக்கச்சுவர் இருப்பதால் டயரின் வளைவு செங்குத்தாக இருக்கும், சாய்ந்த நிலையில் ஓரத்து ரப்பர் தரையில் நன்றாக உட்காரும். ரிம்மும் ஒத்துப்போகும்: ஆர்3யில் இதே 4 அங்குல ரிம்மில் 140/70தான் கம்பெனியே போட்டுக் கொடுக்கிறது.

இதற்கு விலை உண்டு. சக்கரம் பெரிதானதால் கியர் நீளும், 2.6 சதவீதம். ஆர்சியின் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) 45 பல், அதை 46 ஆக்கினால் கிட்டத்தட்ட பழைய இழுவை திரும்பிவிடும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் முழுச் சுற்றில் 45லேயே விட்டுவிட்டாலும் எனக்குச் சரியாக இருந்தது. கோவை கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்கு வளைவு ஒட்டி வரும், அங்கே 46 இல்லாமல் ஓட்ட மனம் வராது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் எலக்ட்ரானிக் வசதி) உள்ள புதிய மாடல் என்றால், முன் பின் சக்கரங்களின் வேக விகிதம் மாறுவதால் அது சில சமயம் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். முதல் செஷனை மெதுவாக ஓட்டிக் கவனியுங்கள். டயரை மாட்டிய பிறகு ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்), மட்கார்டு, செயின் எல்லாவற்றுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். வேகத்தில் டயர் கொஞ்சம் பெருக்கும்.

நேர்மையாக இன்னொன்று: நான் ஓட்டிய 140/70 ரேஸ் காம்பவுண்ட், 150 ரோட்டு டயர். அதனால் இவை இரண்டையும் ஒப்பிட்டு நான் சொல்வதை நூற்றுக்கு நூறு அளவின் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைக் திரும்புவதில் தெரிந்த சுறுசுறுப்பு அளவினால் வந்தது, வளைவின் வெளியே வரும்போது கிடைத்த பிடிப்பு காம்பவுண்டினால் வந்தது என்பது என் கருத்து. கையில் காசு குறைவு என்றால் நல்ல காம்பவுண்டில் 150/60 வாங்குங்கள். மட்டமான காம்பவுண்டில் 140/70 வாங்க வேண்டாம்.

600, 1000 சிசி வைத்திருப்பவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் கதை இதுதான், எண்கள்தான் வேறு. 600ல் வரும் 180/55க்குப் பதிலாக டிராக்கில் 180/60 போடுவார்கள். அகலம் அதேதான், உயரம்தான் கூடுகிறது, விட்டம் 18 மிமீ ஏறும். லிட்டர் பைக்குகள் 190/50லிருந்து 190/55க்குப் போனதும் அதே காரணத்துக்குத்தான். 2012ல் டுகாட்டி 1199 பனிகாலே 200/55 கொண்டுவந்தது, அதற்கு ஏற்ற 6 அங்குல ரிம்மும் சக்தியும் அதனிடம் இருந்தன.

அளவைவிட அதிகமாகக் கெடுப்பது காற்றழுத்தம். ரோட்டுக்கு வைக்கும் அழுத்தத்தோடு அப்படியே டிராக்கில் இறங்கிவிடுகிறார்கள். நம் வெயிலில் காலையில் 28 பிஎஸ்ஐ வைத்தால் சூடேறியதும் 33ஐத் தாண்டும். டயர் கம்பெனி டிராக்குக்குச் சொல்லும் சூட்டு அழுத்தம் என்ன என்று பார்த்து, செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்த உடனேயே அளந்து வெளியேற்றுங்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. மாலையில் வீட்டுக்கு ஓட்டிப் போவதென்றால் மறுபடி நிரப்ப வேண்டும். அப்புறம், இருங்காட்டுக்கோட்டை டிராக் கடிகாரச் சுற்று என்பதால் வலது பக்கம் முதலில் தேயும். இடது பக்கத்தைப் பார்த்து "இன்னும் பாதி இருக்கு" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஏற்கெனவே 160 வாங்கிவிட்டீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். நிஞ்ஜா 650 வைத்திருப்பவர்கள் அந்த அளவைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்; 2323 என்றால் 2023ன் 23வது வாரம். அதைப் படம் எடுத்துப் போடுங்கள், நம்பி வாங்குவார்கள். புது டயர் வாங்கும்போது நீங்களும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் கடைக்காரரை ரிம்மைத் தொட விடாதீர்கள்.