சளி இல்லாத பேரனுக்கு எதற்குச் சளி மருந்து?

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. இரவில் மூன்று முறை விழித்து அழுகிறான். மூத்தவனுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய சிரப் மீதி இருந்தது. அதில் கால் பாலாடை கொடுத்தால் விடியும்வரை தூங்குகிறான். மருமகள் கோபித்துக்கொள்கிறாள். ஹிஸ்டமின் என்பது தும்மலும் அரிப்பும் தருகிற விஷம்தானே? அதை அடக்குகிற மருந்து கூடவே தூக்கத்தையும் தந்தால் என்ன கெடுதல்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. இன்று இரவே நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'விஷம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவறு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

ஹிஸ்டமினை நம் உடலே தயாரிக்கிறது. 1910இல் லண்டனில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைக் கினிப்பன்றிக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய் இறுகி விலங்கு திணறி இறந்தது. அது உடலில் இயல்பாகவே இருக்கும் பொருள் என்பது 1927இல்தான் உறுதியானது. புதிதாக எடுத்த கல்லீரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் டேலின் குழு அதைப் பிரித்துக் காட்டியது. ஆக, விஞ்ஞானிகளுக்கும் அதன் கொடிய முகம்தான் முதலில் தெரிந்தது.

அதை மறிக்கும் முதல் பொருளைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாவும் 1937இல் கண்டார்கள். மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை அதில் இருந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. பத்தே ஆண்டுகளுக்குள் டைபென்ஹைட்ரமின், புரோமெதசின் என்று வரிசையாக மருந்துகள் வந்தன. இன்று உங்கள் பாட்டிலில் இருக்கக்கூடிய குளோர்பெனிரமினும் இதே தலைமுறையைச் சேர்ந்ததுதான். போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது, அந்த மருந்துகளால் செய்ய முடியாமல் போன ஒரு வேலை. தும்மல் நின்றது, தடிப்பு அடங்கியது. ஆனால் ஹிஸ்டமின் இரைப்பையில் சுரக்கவைக்கும் அமிலத்தை அவற்றால் தொடவே முடியவில்லை. ஒரே பொருள், ஒரே மருந்து. தோலில் பலிக்கிறது, வயிற்றில் பலிக்கவில்லை. ஜேம்ஸ் பிளாக் என்ற மருந்தியல் ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டார். உயிரணுக்களில் ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும் இடங்களான ஏற்பிகள் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1964 முதல் அவர் குழு நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்தது. 1972இல் இரண்டாவது வகை ஏற்பி உண்டு என்பதை நிறுவினார்கள். 1976இல் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அதுவரை கத்தி வைத்து அறுவைசெய்த எத்தனையோ குடற்புண்களை மாத்திரையே ஆற்றியது. விஷம் என்று பெயர் வைத்து ஒதுக்கியிருந்தால் இந்தக் கேள்வியே யாருக்கும் தோன்றியிருக்காது.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். 1984இல் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஹிஸ்டமினைச் சுரக்கும் நரம்பணுக்களின் சிறு கொத்து அடையாளம் காணப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளை முழுவதும் பரவியிருக்கின்றன. நாம் விழித்திருக்கும்போது அவை இயங்குகின்றன, உறங்கும்போது அடங்கிவிடுகின்றன. உங்கள் பேரன் காலையில் கண் விழித்து, சுற்றிப் பார்த்து, உங்களைத் தேடுகிறானே, அந்த விழிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து அங்குள்ள ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. இரண்டு மில்லிகிராம் குளோர்பெனிரமின் பெரியவர்களின் மூளையிலேயே ஏறத்தாழப் பாதி ஏற்பிகளைப் பிடித்துக்கொள்வதை ஜப்பானில் டோஹோகு பல்கலைக்கழகத்தார் ஸ்கேனில் படம்பிடித்துக் காட்டினார்கள். புதிய மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை.

ஆகவே மருந்து உங்கள் பேரனுக்குத் தூக்கம் தரவில்லை, அவனுடைய விழிப்பைத்தான் அடைத்துவைக்கிறது. அதுவும் விடிந்ததும் கழன்றுவிடுவதில்லை. குழந்தையின் உடலிலிருந்து பாதி மருந்து வெளியேறவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மறுநாள் அவன் விளையாடும் நேரத்திலும் அது உள்ளே இருக்கிறது.

தூங்கத்தானே செய்கிறான் என்பீர்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். இரவில் விழிக்கும் 44 குழந்தைகளில் சிலருக்கு டைபென்ஹைட்ரமினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்தார்கள். எல்லாரும் ஆறு மாதம் முதல் பதினைந்து மாதம் வரையிலான குழந்தைகள். மருந்தால் பலனே தெரியாததால் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சில குழந்தைகளுக்கு இவ்வகை மருந்து தூக்கத்துக்கு மாறாகப் படபடப்பையும் எரிச்சலையும் தரும். புரோமெதசின் விஷயம் இன்னும் கொடுமையானது. சின்னக் குழந்தைகளின் மூச்சு அடங்கி உயிரே போனதால், இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை அச்சிட்டார்கள். நம் நாட்டிலும் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் குறிப்பிட வேண்டுமென 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அறிவுறுத்தியது. உங்கள் பேரனுக்கு ஒன்றரை வயது, அம்மா. பாட்டில் அண்ணனுக்காக வாங்கியது. அளவு பாலாடையில் கால்வாசி. இந்த மூன்றில் எதுவுமே சரியில்லை.

தூக்கம் கெட்டுக் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் வீட்டின் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் ஏன் அழுகிறான் என்று யாராவது பார்த்தார்களா? காது வலியாக இருக்கலாம். கீரிப்பூச்சி அரிப்பாக இருக்கலாம், மூக்கடைப்பாக இருக்கலாம், பல் முளைப்பதாக இருக்கலாம். அந்த வயதில் இயல்பாகவே விழித்துக்கொள்ளும் குழந்தைகளும் ஏராளம். காதில் சீழ் கோத்த குழந்தைக்கு இந்த சிரப்பைக் கொடுத்தால் அழுகை மட்டும்தான் அடங்கும், சீழ் அப்படியே இருக்கும்.

மருந்து கொடுத்த குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ, உதடு நீலமானாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் நாளையே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அந்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருமகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.