சர்டிபிகேட்ல என்ன பேரு போட்டிருக்கு? கொழந்தை வளர்ச்சி, குடும்பவியல் படிக்க வர்றவங்க கேட்ட கேள்விங்க

+2 ரிசல்ட் வந்தாப் போதும், என்ற போனுக்கு ரெண்டு வாரம் ஓய்வே இருக்காதுங்க. கோயமுத்தூர்ல வருஷக்கணக்கா ஹ்யூமன் டெவலப்மென்ட், அதாவது கொழந்தைல இருந்து மனுஷன் எப்படி வளர்றான்ங்கற பாடம் நடத்திட்டு ரிட்டயர் ஆயிட்டேன், ஆனாலும் ஒறம்பரை, ஒறம்பரைக்கு ஒறம்பரை, பால் ஊத்தறவரோட மக வரைக்கும் எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், இந்தப் படிப்புக்கு என்ன வேணும், படிச்சா என்ன ஆகலாம். ஒவ்வொருத்தருக்கா பேசி தொண்டை கட்டிக்கிச்சு. அதனால இந்த வருஷம் வந்ததுல சிலதை எடுத்து ஒரே இடத்துல எழுதிடறேன்.

கேள்வி: மக +2ல காமர்ஸ் குரூப்புங்க. சின்னக் கொழந்தைங்கன்னா உசுரு. ஹோம் சயின்ஸ்தான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க ஊட்டுக்காரரு "சோறாக்கக் கத்துக்கறதுக்கு எதுக்கு காலேஜு"ங்கறாரு. என்ன பண்றதுங்க? (கோபிச்செட்டிபாளையம்)

ஊட்டுக்காரரை குத்தம் சொல்ல முடியாதுங்க, மனையியல்னு பேர் வெச்சா மனைக்குள்ளயே நிக்கற படிப்புன்னுதான் யாரும் நெனைப்பாங்க. ஆனா ஹோம் சயின்ஸ்ங்கறது ஒரு படிப்பு இல்ல, ஒரே கூரைக்குக் கீழ இருக்கற அஞ்சு படிப்பு. சத்துணவு ஒண்ணு, துணி ஒண்ணு, வீட்டு நிர்வாகம் ஒண்ணு, ஊருக்குள்ள போய் வேலை செய்யற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு, அஞ்சாவதுதான் நம்ம ஹ்யூமன் டெவலப்மென்ட். இதுக்கு நம்ம பக்கம் பேர் போன எடம் கோயமுத்தூர் அவினாசிலிங்கம், 1957ல ஹோம் சயின்ஸ் காலேஜா ஆரம்பிச்சு 1988ல நிகர்நிலைப் பல்கலைக்கழகமாச்சு. அங்க இருந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மா கொழந்தைங்க சத்துணவுல செஞ்ச வேலை நாடு முழுக்க தெரியும், 1992ல பத்மஸ்ரீ வாங்குனாங்க. சோறாக்கற வேலைக்கு பத்மஸ்ரீ தரமாட்டாங்கன்னு ஊட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

குரூப் விஷயம். சத்துணவுப் பக்கம் போறதா இருந்தா கெமிஸ்ட்ரி, பயாலஜி கேப்பாங்க, அங்க காமர்ஸ் புள்ளைக்கு செரமம். ஹ்யூமன் டெவலப்மென்ட், சைக்காலஜி, சோஷியல் வொர்க் இதுக்கெல்லாம் பல காலேஜுல எந்த குரூப்பா இருந்தாலும் எடுத்துக்கறாங்க. காலேஜுக்கு காலேஜ் மாறும், ப்ராஸ்பெக்டஸ்ல "தகுதி"ன்னு போட்டிருக்கற பக்கத்தை நீங்களே படிச்சுப் பாருங்க, ஏஜெண்ட் சொல்றதை நம்பி அட்வான்ஸ் கட்டிப்போடாதீங்க.

இப்ப முக்கியமானதைச் சொல்றேன். கொழந்தைன்னா உசுருங்கறது நல்லதுதான், ஆனா அது மட்டும் பத்தாதுங்க. மொத வருஷம் வர்ற புள்ளைங்களை காலேஜோட ஒட்டுன நர்சரில உக்கார வெச்சு ஒரு கொழந்தையை இருபது நிமிஷம் பாத்து எழுதச் சொல்லுவேன். பத்துல எட்டு பேர் "பையன் ரொம்ப பிடிவாதக்காரன், அம்மாவைத் தேடறான்"னு எழுதிட்டு வருவாங்க. நோட்டைத் திருப்பிக் குடுத்துருவேன். பிடிவாதம்ங்கறது நீ நெனைச்சது சாமி, நீ பாத்தது என்ன? ரெண்டாவது தடவை "டம்ளரைத் தள்ளி விட்டான், தண்ணி கொட்டுனதைப் பாத்தான், மேசைக்கு அடியில போய் நாலு நிமிஷம் உக்காந்தான், கதவு தொறந்தப்ப மூணு தடவை திரும்பிப் பாத்தான்"னு எழுதிட்டு வருவாங்க. அப்பத்தான் படிப்பு ஆரம்பிக்குது. இதுக்கு மேலதான் கொழந்தை மனசு எப்படி வளருதுன்னு சொன்ன பியாஜே, எரிக்சன், பவுல்பி எல்லாம் வருவாங்க, கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸ், குடும்ப உறவு, கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனை, மாற்றுத்திறன் கொழந்தைங்க, ஃபீல்டு வொர்க். மகளை சேக்கறதுக்கு முந்தி ஒரு வாரம் பக்கத்து அங்கன்வாடில டீச்சர்கிட்ட கேட்டுட்டு போய் உக்காரச் சொல்லுங்க. மூக்கு ஒழுகறது, அழுகை, பாத்ரூம் எல்லாம் பாத்துட்டு அப்பறமும் உசுருன்னா கண்ணை மூடிட்டு சேத்துங்க.

கேள்வி: ஹோம் சயின்ஸ், ஹ்யூமன் டெவலப்மென்ட், சைல்டு டெவலப்மென்ட், ஃபேமிலி ஸ்டடீஸ், கம்யூனிட்டி சயின்ஸ்... எல்லாம் ஒண்ணா, வேற வேறயா? (ஈரோடு)

உள்ள இருக்கற சரக்கு முக்கால்வாசி ஒண்ணுதான், பேருதான் வேற. வேளாண் பல்கலைக்கழகங்கள் பக்கம் ஹோம் சயின்ஸையே கம்யூனிட்டி சயின்ஸ்னு மாத்திட்டாங்க. ஆனா அரசாங்க வேலைன்னு வந்துட்டா பேருதான் எல்லாமே. என்ற ஸ்டூடன்ட் ஒரு அம்மிணி, வெளி மாநிலத்துல முதுகலை முடிச்சுட்டு வந்து ஒரு போஸ்டுக்கு எழுதுனா, பாஸும் பண்ணிட்டா. சர்டிபிகேட் சரிபாக்கற அன்னிக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு "நோட்டிபிகேஷன்ல சைல்டு டெவலப்மென்ட்னு இருக்கு, உங்க சர்டிபிகேட்ல வேற என்னமோ இருக்கே, ரெண்டும் சமம்னு அரசாணை, ஜி.ஓ. எங்க"ன்னு கேட்டுட்டாரு. பாடத்திட்டத்தை எடுத்துட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா, நாலு மாசம். அதுக்குள்ள அந்த எடம் போயே போச்சு. நாலு வருஷம் படிச்சதை விட அந்த நாலு மாசம்தான் மேடம் கஷ்டம்னு சொன்னா.

அதனால எப்பவும் பின்னாடி இருந்து முன்னாடி வாங்க. எந்த வேலை வேணும்னு மொதல்ல பாருங்க, அந்த வேலையோட பழைய நோட்டிபிகேஷன் ரெண்டு மூணு எடுத்து அதுல என்ன டிகிரி பேரு போட்டிருக்காங்கன்னு குறிச்சு வெச்சுக்குங்க, அந்தப் பேரு சர்டிபிகேட்ல வர்ற காலேஜுல சேருங்க. அங்கன்வாடி எல்லாம் நடத்தற ஐ.சி.டி.எஸ். 1975 அக்டோபர் 2ம் தேதி ஆரம்பிச்ச திட்டம், அதுல சி.டி.பி.ஓ.ங்கற கொழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் மாதிரி போஸ்டுக்கெல்லாம் பாடத்தோட பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க. இன்னொண்ணு, கொழந்தைகள் நலக் குழுவுல உறுப்பினரா ஆகறதுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல ஹ்யூமன் டெவலப்மென்ட் டிகிரியும் பேரோட இருக்கு, சைக்காலஜி, சட்டம், சோஷியல் வொர்க் கூட. ஆனா கொழந்தைங்க சம்பந்தமா ஏழு வருஷம் வேலை செஞ்சிருக்கணும், இல்லாட்டி அந்தத் தொழில்லயே இருக்கணும். இந்தப் படிப்புக்கு அப்படி ஒரு மரியாதை இருக்குன்னு நெறய பேருக்குத் தெரியறதே இல்ல.

கேள்வி: நான் பையன் மேடம். இந்த கோர்ஸ்ல பசங்க சேர முடியுமா? பிரெண்ட்ஸ் ஓட்டறாங்க. (பல்லடம்)

ஓட்டட்டும் கண்ணு, நாளைக்கு அவனுங்க கொழந்தை பேசலைன்னா உன்னைத்தான் தேடி வருவானுங்க. அவினாசிலிங்கம் பொம்பளைப் புள்ளைங்களுக்கு மட்டும், அங்க முடியாது. குஜராத்ல பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்துல இந்தத் துறைக்குன்னே தனி ஃபேக்கல்டி இருக்கு, அங்க பசங்களும் படிக்கலாம். அவ்வளவு தூரம் வேண்டாம்னா இங்கயே யு.ஜி.ல சைக்காலஜியோ சோஷியல் வொர்க்கோ முடிச்சுட்டு பி.ஜி.ல கொழந்தை, குடும்பம் பக்கம் திரும்பிக்க. அப்பா, தாத்தா, மாமனெல்லாம் கொழந்தை வளக்கறதுல எங்க இருக்காங்கன்னு ஆராய்ச்சி பண்ண ஆம்பளைங்களும் வேணும்ப்பா, வீட்டுக்குள்ள போய் ஒரு அப்பாகிட்ட இதைப் பத்தி பேச வெக்கறதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் அங்கன்வாடில வேலை பாக்கறேன். +2 முடிச்சிருக்கேன். வேலையை விடாம மேல படிக்க வழி இருக்குங்களா?

இருக்குங்க. இக்னோங்கற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வீட்டுல இருந்தே படிக்கற மாதிரி டி.இ.சி.இ.ன்னு முன்பருவக் கல்வி டிப்ளமோ இருக்கு, +2 போதும், ஒரு வருஷத்துல இருந்து முடிக்கலாம், ப்ராஜெக்ட் உண்டு. உங்களுக்கு ப்ராஜெக்ட்டுக்கு எங்கயும் அலைய வேண்டியதில்ல, தெனமும் கண்ணு முன்னாடி உக்காந்து சத்துமாவு சாப்படறாங்களே அவங்கதான் ப்ராஜெக்ட்டு. சேர்றதுக்கு முந்தி உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை எழுத்துல சொல்லி வெச்சுருங்க, பின்னாடி பிரச்சினை வராது.

கேள்வி: பி.எஸ்சி ஹ்யூமன் டெவலப்மென்ட் முடிச்சுட்டேன். ஆர்.எஸ்.புரத்துல சின்னதா எடம் பாத்து சைல்டு சைக்காலஜிஸ்ட்னு போர்டு போட்டுக்கலாமா மேம்?

வேண்டாம். இதை பட்டுன்னு சொல்லிடறேன், கோவிச்சுக்காத. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் இதுக்கெல்லாம் ஆர்.சி.ஐ.ங்கற மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் குடுத்த கோர்ஸ் படிச்சு, அங்க பதிவு நம்பர் வாங்கணும். 1992 சட்டம் அது, பதிவு இல்லாம அந்த வேலை செஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம்னு சட்டத்துலயே இருக்கு. உன்ற பி.எஸ்சி அந்தப் படிக்கட்டோட மொதப் படி, மொட்டை மாடி இல்ல.

நீ என்ன பண்ணலாம்னா, ப்ளே ஸ்கூல் நடத்தலாம், பெத்தவங்களுக்கு வகுப்பு எடுக்கலாம், ஆஸ்பத்திரில கொழந்தை வளர்ச்சிப் பிரிவுல டாக்டருக்குக் கீழ ஸ்கிரீனிங் வேலைக்குப் போலாம். வளர்ச்சி வயசுக்குத் தக்க இருக்கான்னு பாக்க திருவனந்தபுரத்துல உருவாக்குன டி.டி.எஸ்.சி. சார்ட் படிச்சிருப்ப, ரெண்டு வயசு வரைக்கும் 17 கேள்வி, கொழந்தை வயசுக்கு நேரா ஒரு ஸ்கேல் வெச்சா போதும். அதுல பின்தங்குனது தெரிஞ்சா "உங்க கொழந்தைக்கு இன்ன நோய்"னு சொல்றது உன்ற வேலை இல்ல, டாக்டர்கிட்ட அனுப்பறது உன்ற வேலை. மூணு வயசாகியும் பேசாத ஒரு பையனை யாரோ ஒருத்தர் ரூம் போட்டு ஒரு வருஷம் ஃபீஸ் வாங்கி "கவுன்சலிங்" பண்ணிட்டு இருந்தாங்க, என்கிட்ட வந்தப்ப நான் மொதல்ல கேட்டது காது டெஸ்ட் பண்ணீங்களான்னுதான். பண்ணவே இல்ல. அந்த அம்மாவோட மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கேள்வி: ஆறு மாச ஆன்லைன் மாண்டிசோரி சர்டிபிகேட் டிகிரிக்கு சமமா? (நாமக்கல்)

இல்லைங்க. ப்ரைவேட் ப்ளே ஸ்கூல்ல வேலை குடுப்பாங்க, அவ்வளவுதான், பி.எட், டி.எல்.எட் மாதிரி அரசாங்கம் ஏத்துக்கற ஆசிரியர் தகுதி ஆகாது. கொழந்தைங்க தானே தொட்டு, எடுத்து வெச்சு கத்துக்கற இந்த முறையை உருவாக்குன மாண்டிசோரி அம்மா 1939ல நம்ம மெட்ராஸ் அடையாறுக்கே வந்து ட்ரெயினிங் குடுத்தவங்க, யுத்த காலத்துல கொடைக்கானல்ல இருந்தாங்க. கையில அந்த மரச் சாமானை வெச்சு தொட்டுப் பாத்து கத்துக்கற விஷயத்தை மொபைல் வீடியோல கத்துக்கிட்டேங்கறாங்க, என்னத்தச் சொல்ல.

கேள்வி: மருமக டெக்சாஸ்ல எச்-4ல இருக்கா. ஐ.டி.ல பி.இ. முடிச்சவ. சும்மா உக்காந்து இருக்கப் புடிக்கல, அங்க கொழந்தை வளர்ச்சி படிக்கணும்ங்கறா. நாலு வருஷம் மறுபடியும் படிக்கணுங்களா? (பெருந்துறை)

நல்ல மாமியாருங்க நீங்க. எச்-4ங்கறது அமெரிக்கால வேலை விசால இருக்கறவங்க குடும்பத்துக்குத் தர்ற விசா, அதுல இருக்கறவங்க படிக்கலாம், விசா மாத்த வேண்டியதில்ல. சம்பளத்துக்கு வேலை பாக்கத்தான் தனி பர்மிட் வேணும், அது புருஷனோட கிரீன் கார்டு வேலை எந்தக் கட்டத்துல நிக்குதுங்கறதைப் பொறுத்தது. சம்பளம் வர்ற மாதிரி இன்டர்ன்ஷிப் கோர்ஸ்ல கட்டாயம்னா அதை சேர்றதுக்கு முந்தியே காலேஜ்ல கேட்டுக்கணும், நெறய பேரு இங்கதான் மாட்டறாங்க.

அங்க பேச்சிலர் டிகிரின்னா பொதுவா 120 கிரெடிட். மருமக பி.இ. நாலு வருஷம்ங்கறதால, மார்க் ஷீட்டை மதிப்பீடு பண்ற ஏஜென்சிக்கு அனுப்பிட்டு நேரா மாஸ்டர்ஸே பாக்கலாம், லைஃப்ஸ்பான் டெவலப்மென்ட், ஸ்டாடிஸ்டிக்ஸ் மாதிரி ரெண்டு மூணு பேப்பர் முன்னாடி முடிச்சுட்டு வாங்கன்னு சில எடத்துல சொல்லுவாங்க. ஆஸ்டின்ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஹ்யூமன் டெவலப்மென்ட் அண்ட் ஃபேமிலி சயின்சஸ்னே துறை இருக்கு. இங்க பி.எஸ்சி மூணு வருஷம் முடிச்சவங்கதான் யோசிக்கணும், சில பல்கலைக்கழகம் எடுத்துக்கும், சிலது எடுத்துக்காது.

டிகிரி வேண்டாம், சின்னக் கொழந்தைங்க ஸ்கூல்ல டீச்சரா போனாப் போதும்னா சி.டி.ஏ.ன்னு (சைல்டு டெவலப்மென்ட் அசோசியேட்) ஒரு சான்றிதழ் இருக்கு, 120 மணி நேரம் பயிற்சி, 480 மணி நேரம் கொழந்தைங்களோட அனுபவம், மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். குடும்பத்துக்கு வகுப்பு எடுக்கற மாதிரின்னா சி.எஃப்.எல்.இ.ன்னு (சர்டிஃபைடு ஃபேமிலி லைஃப் எஜுகேட்டர்) சான்றிதழ் இருக்கு, அதுக்கு டிகிரி வேணும். ஃபேமிலி தெரபிஸ்டா லைசென்ஸ் வாங்கணும்னா மாஸ்டர்ஸ் கட்டாயம், அதுக்கு மேல ஒருத்தர் மேற்பார்வைல நெறய மணி நேரம் வேலை செய்யணும், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கணக்கு வேற. மருமக எந்த ஸ்டேட்ல நெலையா இருக்கப் போறான்னு தெரியாம இந்த மூணாவதுல காசைக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: ஃபீஸ் கட்ட வழியில்ல மேடம். கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ள. (தாராபுரம்)

ஆறாவதுல இருந்து +2 வரைக்கும் அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல டிகிரி முடிக்கற வரைக்கும் மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்டுக்கு வரும். பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், அது 2024 ஆகஸ்ட்ல நம்ம கோயமுத்தூர்லதான் ஆரம்பிச்சாங்க. காலேஜ்ல சேந்த ஒடனே இதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டு பதிஞ்சுக்கச் சொல்லுங்க. ஆயிரம் ரூபா பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆவும், ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப் தனியா எழுதணும்.

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனில எச்.ஆர். கம்பெனில வேலை செய்யற அம்மாக்களோட கொழந்தைங்களைப் பாத்துக்கற க்ரெச்சுக்கு ஆள் எடுக்கணும். டிகிரி ஆள் தேவையா, ஆயா போதுமா?

இப்படி ஒரு கேள்வி வர்றதே எனக்கு சந்தோஷம்ங்க. 1948 ஃபேக்டரி சட்டத்துலயே 50க்கு மேல பொம்பளைங்க வேலை செஞ்சா ஆறு வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைங்களுக்கு எடம் குடுக்கணும்னு வந்துருச்சு, 1976ல அந்த 50ஐ 30 ஆக்குனாங்க, 2017ல மகப்பேறு சட்டத் திருத்தத்துல 50 பேர் இருந்தா க்ரெச் கட்டாயம்னாங்க. சட்டத்துக்காக ரூம் போட்டிருப்பாங்க. நான் ஒரு கம்பெனிக்கு ஸ்டூடன்ட்ஸை கூட்டிட்டுப் போனப்ப க்ரெச்சுன்னு ஒரு ரூம் காமிச்சாங்க, செவுத்துல மிக்கி மவுஸ் படம், இரும்புக் கம்பில சேலை கட்டுன தொட்டில் மூணு, பொம்மை எல்லாம் பிளாஸ்டிக் கவரோட ஷோகேஸ்ல பூட்டி இருந்துச்சு. சாவி எங்கன்னா மேனேஜர்கிட்டங்கறாங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் தொறப்பாங்களாம்.

ஆயாம்மா வேணும்ங்க, கை சுத்தமும் பொறுமையும் அவங்ககிட்டதான் இருக்கு. ஆனா இருபது கொழந்தைக்கு மேல இருந்தா, இந்தப் படிப்பு படிச்ச ஒரு புள்ளையை மேல வெச்சுக்குங்க. எந்தக் கொழந்தை எப்ப தூங்குச்சு, எது நாலு நாளா சரியா சாப்பிடல, எது பத்து மாசமாகியும் உக்கார மாட்டீங்குதுன்னு நோட்டுல எழுதி வெச்சு சாயங்காலம் தையல் மிஷினை விட்டு எந்திரிச்சு வர்ற அம்மாகிட்ட சொல்றதுக்கு ஆள் வேணும். இன்டர்வியூல மார்க் ஷீட்டை அப்பறம் பாருங்க, மொதல்ல க்ரெச்சுக்குள்ள கூட்டிட்டுப் போய் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. நின்னுட்டே இருந்தா வேண்டாம். தரையில உக்காந்தா எடுத்துக்குங்க. அந்த ஷோகேஸ் சாவியையும் அவகிட்டயே குடுத்துருங்க.