எல்லாப் படமும் ஒரே அளவில்: கேள்வி பதில்

பள்ளி ஐடி கார்டு, திருமண ஆல்பம், கடை கேட்லாக் என்று 18 வருடமாகப் படங்களை வெட்டி ஒட்டும் வேலைதான் எனக்கு. ஒரே அளவில் நிறையப் படங்களை வெட்டுவது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஃபோட்டோஷாப்பில் எல்லாப் படத்தையும் 4:5 என்று வைத்துத்தான் கிராப் செய்தேன். ஆனால் பேஜ்மேக்கப்பில் (பக்க அமைப்பில்) வைத்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஏன்?

தம்பி, 4:5 என்பது விகிதம். நீங்கள் கேட்பது அளவு. 800 × 1000 பிக்சல் படமும் 2400 × 3000 பிக்சல் படமும் ஒரே விகிதம்தான். கிராப் டூலை எடுத்ததும் மேலே வரும் பட்டையில் 'ரேஷியோ' என்று இருப்பதை அகலம் × உயரம் × ரெசல்யூஷன் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) என்பதற்கு மாற்றுங்கள். மூன்று கட்டத்தையும் நிரப்ப வேண்டும். 35 மி.மீ., 45 மி.மீ., 300 என்று கொடுத்தால் எந்தப் படத்தை எப்படி வெட்டினாலும் 413 × 531 பிக்சலில்தான் வந்து நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: சின்னப் படத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டினாலும் அதை இழுத்துப் பெரிதாக்கி அதே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அளவு சரியாக இருக்கும், முகம் மங்கலாக இருக்கும்.

வணக்கம் மேடம். ஒரு பள்ளிக்கு 400 மாணவர் படம், ஐடி கார்டுக்கு. ஆக்‌ஷன் பதிவு செய்து பேட்ச் ஓட்டினேன். பாதிப் பிள்ளைகளுக்கு நெற்றி போய்விட்டது.

இது எல்லோருக்கும் வரும் சிக்கல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்யும் படிகளைப் பதிவு செய்து வைப்பது ஆக்‌ஷன், அதை ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டுவது பேட்ச். கிராப் டூலை வைத்து ஆக்‌ஷன் பதிவு செய்தால், முதல் படத்தில் எந்த இடத்தில் வெட்டினீர்களோ அதே இடத்தில்தான் எல்லாப் படத்தையும் வெட்டும். அடுத்த பிள்ளை உயரமாக இருந்தால் நெற்றி போய்விடும்.

அதற்குப் பதில் இப்படிப் பதிவு செய்யுங்கள். முதலில் படத்தையே சுருக்கும் இமேஜ் சைஸில் அகலம் 413 பிக்சல், உயரம் தானாக மாறட்டும். கேமராவில் நெட்டுவாக்கில் எடுத்த படம் 2:3 என்பதால் உயரம் 620 ஆகும். அடுத்து படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டவோ கூட்டவோ செய்யும் கேன்வாஸ் சைஸில் 413 × 531 கொடுத்து, அங்கே இருக்கும் ஒன்பது கட்டத்தில் மேல்வரிசை நடுக்கட்டத்தை அழுத்துங்கள். மிச்சமுள்ள 89 பிக்சலும் கீழே, சட்டைப் பக்கம்தான் போகும். தலை தப்பிக்கும்.

ஆனால் உங்கள் வேலை இதோடு முடியாது. எல்லாக் கார்டையும் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். படம் ஒரே அளவு, முகம் ஒரே அளவில் இருக்காது. ஒரு பிள்ளையின் முகம் கட்டத்தை நிரப்பியிருக்கும், பக்கத்துப் பிள்ளை எங்கோ தூரத்தில் நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு முகம் ஒரே அளவாக இருந்தால்தான் 'ஒரே மாதிரி'. பாஸ்போர்ட் படத்துக்குக்கூட முகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இதற்கு வழி: மேலே சொன்ன இரண்டு படிக்கும் பதிலாக, ஆக்‌ஷனில் கிராப் படியையே வையுங்கள். பதிவுக்கு முன் ரூலர் அளவைச் சதவீதத்துக்கு மாற்றிவிடுங்கள், அப்போதுதான் பெரிய படம் சின்னப் படம் இரண்டிலும் கட்டம் உள்ளே விழும். பிறகு ஆக்‌ஷன் பேனலில் அந்தப் படிக்கு இடப்பக்கம், டிக் குறிக்கு அடுத்து இருக்கும் சின்னச் சதுரத்தை அழுத்துங்கள். இனி ஒவ்வொரு படத்திலும் கிராப் கட்டத்தோடு நின்று காத்திருக்கும். நீங்கள் முகத்துக்கு நகர்த்தி என்டர் தட்டினால் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். படத்துக்கு 5 விநாடி என்றாலும் 400 படம் அரைமணி நேரம்தான். பிள்ளைகள் வருடம் முழுக்கக் கழுத்தில் மாட்டப்போகிற படம், அந்த அரைமணி நேரத்தைக் கொடுங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போதே ஸ்டூலுக்குத் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். குட்டிப் பிள்ளை வந்தால் கேமராவை இறக்குங்கள், பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பேட்ச் ஓட்டியதில் ஒரிஜினல் எல்லாம் சின்னதாக மாறிவிட்டது. திரும்ப எடுக்க முடியுமா?

அதே ஃபோல்டரில் அதே பெயரில் சேவ் ஆகியிருந்தால் ஃபோட்டோஷாப்பால் மீட்க முடியாது. மெமரி கார்டில் இன்னும் இருக்கிறதா என்று உடனே பாருங்கள், அதில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. ஐடி கார்டு வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து ஆண்டு மலருக்குப் பெரிய படம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 413 × 531 மட்டும். அன்றிலிருந்து காப்பி எடுத்த ஃபோல்டரில் மட்டும்தான் பேட்ச் ஓட்டுகிறேன். படங்கள் வேறு ஃபோல்டரில் சேவ் ஆக, பேட்ச் பெட்டியில் 'ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் ஆஸ் கமாண்ட்ஸ்' என்பதை டிக் செய்தாலும், ஆக்‌ஷனுக்குள் ஒரு சேவ் ஆஸ் படி இருந்தால்தான் அது வேலை செய்யும்.

சேலை வியாபாரம் செய்கிறேன் மா. இன்ஸ்டாவுக்கு 1080 × 1080 சதுரமாக வெட்டினால் முந்தானையும் பார்டரும் போய்விடுகிறது.

அப்படியானால் வெட்டவே வேண்டாம் அக்கா. ஃபைல் மெனுவில் ஆட்டோமேட், அதற்குள் ஃபிட் இமேஜ், இரண்டு கட்டத்திலும் 1080. முழுப்படமும் அந்தச் சதுரத்துக்குள் அடங்கும். பிறகு கேன்வாஸ் சைஸ் 1080 × 1080 கொடுத்தால் பக்கவாட்டில் இடம் சேரும். அந்த இடத்துக்கு வெள்ளை நிறம் வைக்காதீர்கள், உங்கள் பின்துணி அநேகமாகச் சுத்த வெள்ளையாக இருக்காது, பட்டை பட்டையாகத் தெரியும். ஐட்ராப்பரால் பின்துணியின் நிறத்தையே எடுத்து வையுங்கள்.

போனில் எடுத்த படத்தை 4 × 6 பிரிண்ட் கொடுத்தால் லேபில் தலையை வெட்டிவிடுகிறார்கள்.

போன் படம் 4:3, 4 × 6 பேப்பர் 3:2. 4000 × 3000 படத்தில் 4000 × 2667தான் பேப்பருக்குள் வரும், 333 பிக்சல் எங்காவது போயே ஆக வேண்டும். எங்கே போகலாம் என்று முடிவு செய்து, நீங்களே 1800 × 1200-க்கு வெட்டிக் கொடுங்கள்.

ஃபோட்டோஷாப் இல்லை சார். இலவசமாக?

சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். ஸ்கேன் செய்த பக்கம், ஸ்கிரீன்ஷாட் மாதிரி எல்லாம் ஒரே பிக்சலில் இருந்தால் இர்ஃபான்வியூ போதும். 'பி' எழுத்தை அழுத்தினால் பேட்ச் வரும், அட்வான்ஸ்டு பகுதியில் கிராப் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், கடைக்கு என்றால் பணம் கட்டி வாங்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்ட கிம்ப் நல்லது, கிராப் டூலில் 'ஃபிக்ஸ்டு' என்பதை டிக் செய்து 'சைஸ்' தேர்ந்தெடுங்கள்.

கோரல்டிராவில் திருவிழா ஃபிளெக்ஸ். 30 பேர் முகமும் ஒரே அளவு வட்டங்களில் வர வேண்டும்.

ஒரு வட்டம் வரைந்து 30 காப்பி போடுங்கள். ஒவ்வொரு படத்தையும் ஒரு வட்டத்துக்குள் பவர்கிளிப் செய்யுங்கள். வட்டத்துக்கு வெளியே போகும் பகுதி மறையும், ஆனால் வெட்டுப்படாது, முழுப்படமும் உள்ளேயே இருக்கும். "என் மீசை தெரியவில்லை" என்று ஒருவர் வந்து நின்றால் எடிட் பவர்கிளிப் போய் நகர்த்தினால் போதும்.