கிணறு வெட்டேக்க பச்சைக் கல்லு வந்தா காணிக்குள்ள செம்பு இருக்கோ?

நெடுங்கேணிப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. கிணறு வெட்டேக்க 22 அடியில பச்சைக் கறை பிடிச்ச கல்லு வந்துதாம், ரெண்டாம் நாளே ஒருத்தர் மோட்டச்சைக்கிளில வந்து காந்தம் பிடிச்சுப் பாத்திட்டு "சேருவில செம்பு உங்கட காணிக்குக் கீழாலதான் ஓடுது, கொம்பனி ஒண்டு எடுக்க நிக்குது" எண்டாராம். டெஸ்டுக்கு 75,000 ரூபாவும் வெறும் தாளில ஒரு கையெழுத்தும் கேட்டவராம். வைக்கலாமோ, கிணத்து வேலைய நிப்பாட்டவோ எண்டு கேக்கிறா.

வையாதேங்கோ தங்கச்சி. காசும் குடுக்காதேங்கோ. ஏனெண்டு சொல்லுறன்.

சேருவில எண்ட ஊரின்ர செம்பு பொய்யில்லை. திருகோணமலை மாவட்டத்தில மூதூருக்குத் தெற்கால, 1971இல புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டுபிடிச்சது, செம்பும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த சால்கோபைரைட் எண்ட மஞ்சள் கனிமம் அங்க மக்னடைற் எண்ட காந்த இரும்போட கலந்து கிடக்கு. ஆனா கண்டுபிடிச்சு அரை நூற்றாண்டு கடந்தும் அது செம்பு எடுக்கிற சுரங்கமா மாறேல்ல. அந்த இடமே அப்பிடிக் கிடக்க, அதின்ர வால் உங்கட கிணத்துக்குள்ள வந்திட்டுதெண்டு ஒருத்தர் சொன்னா முதல் அவரிட்ட வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கோ.

இலங்கையின்ர பழைய பாறையள் ரெண்டு மூண்டு பெரிய துண்டுகள் ஒண்டோட ஒண்டு இடிபட்டு ஒட்டினது, நடந்தது 50 கோடி வருசத்துக்கும் முந்தி. கிழக்கில கிடக்கிறதை விஜயன் தொகுதி எண்டுவம், நடுவில ஹைலண்ட் தொகுதி, வடமேற்கில இருக்கிறதுக்கு எங்கட பேரே வச்சிருக்கு, வன்னித் தொகுதி. சேருவில இருக்கிறது ஹைலண்டையும் விஜயனையும் சேர்த்துத் தைச்ச தையலில. அந்தத் தையல் திருகோணமலைக் கரையில இருந்து தெற்கு நோக்கி, மகாஓயா வெந்நீர் ஊத்துப் பக்கத்தால இறங்கி அம்பாந்தோட்டைப் பக்கம் போகுது. எங்கட பக்கம் திரும்பி வரேல்ல. நெடுங்கேணி மண்ணுக்குக் கீழ இருக்கிறது வேற துண்டு, பெரும்பாலும் வரிவரியான நைஸ் பாறையும் கருங்கல்லும். அதோட சேருவிலயிலயே செம்பு றிபன் மாதிரி நீளமா ஓடேல்ல, மடிஞ்சு நசிஞ்ச பாறைக்குள்ள துண்டு துண்டாத்தான் இருக்கு. "கீழால ஓடுது" எண்ட கதை புரோக்கர்மாரின்ர கதை.

இனி காந்தம். சேருவிலயில செம்பும் காந்த இரும்பும் ஒண்டா இருக்கிறதால அங்க காந்த அளவை செய்தது உண்மை, அந்த அரைவாசிக் கதைய எங்கேயோ கேட்டிட்டு இவையள் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கழட்டிக்கொண்டு ஊரூரா வருகினம். மழை விட்டாப்பிறகு உங்கட ஒழுங்கையில மணலுக்கு மேல கறுப்புக் கோடு ஒண்டு நிக்குமே, அதுக்குப் பிடிச்சாலும் காந்தம் மயிர் மயிரா இழுக்கும். அதில செம்பு இல்லை. அதேபோல கிணத்து மண்ணில பொன் மாதிரி மினுங்கிறது காக்காப்பொன், நகத்தால உரிச்சா தகடு தகடா வரும்.

பச்சைக்கு வருவம். பச்சையெல்லாம் செம்பில்லை. டயோப்சைட், எபிடோட் எண்டு பச்சைக் கனிமங்கள் எங்கட பாறையளில சாதாரணம், அதுகளின்ர பச்சை கல்லோட கல்லாய் இருக்கும், சுரண்டினா லேசில வராது. செம்புக் கறை மேல படிஞ்ச மாதிரி இருக்கும், கத்தியால சுரண்டப் பச்சைத் தூள் வரும். அந்தத் தூளை ஒரு சிரட்டையில போட்டு வினாகிரி விட்டு, நல்லாத் தேய்ச்ச புது ஆணி ஒண்டை இரவு முழுக்க ஊறப் போடுங்கோ. விடிய ஆணியில செம்பு நிறம் ஏறியிருந்தா அதில செம்பு இருக்கு. 75,000 ரூபாயின்ர டெஸ்ட் இவ்வளவுதான்.

ஆனா ஒண்டு, இதைக் கட்டாயம் கவனிக்கோணும். ஆணி சிவந்தவுடன கல்லில செம்பு எண்டு முடிவெடுக்காதேங்கோ. எங்கட மண்ணில யுத்தத்தில 2009 வரைக்கும் விழுந்த வெத்துத் துவக்குக் கோதுகள் எவ்வளவு கிடக்கு! கோது பித்தளை, பித்தளையில முக்கால்வாசி அளவு செம்பு. அது மண்ணுக்குள்ள ஊறிப் பச்சை கக்கினா பக்கத்துக் கல்லெல்லாம் பச்சை பிடிக்கும், ஆணியும் சிவக்கும். ஒரு ஐயா எனக்கு சொப்பிங் பையில கட்டிக்கொண்டு வந்த கல்லு அப்பிடித்தான், கழுவ மேல்பக்கம் மட்டும் பச்சை, உடைச்சுப் பாக்க உள்ளுக்கு ஒரு பொட்டும் இல்லை, பையின்ர அடியில மண்ணோட ரெண்டு கோது. அவர் அதுக்குள்ள புரோக்கருக்கு முற்பணம் குடுத்திட்டார். அதால கல்லைக் கழுவுங்கோ, உடையுங்கோ, உடைஞ்ச முகத்தில பித்தளை நிறத்தில, கத்தியால கீறுப்படுற கனிமம் தெரியுதோ எண்டு பாருங்கோ. 22 அடி ஆழமெண்டாலும் யோசியுங்கோ, பழைய பங்கர் மூடின இடமோ, ஏத்தின மண்ணோ எண்டு அயலில வயசாக்களைக் கேளுங்கோ. கோது கண்டா கையால கிளறாதேங்கோ, வெடிக்காதது ஏதும் கிடந்தா தொடாமல் ஜீஎஸ்ஸுக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கோ.

சரி, உள்ளுக்கும் செம்பு இருக்கெண்டே வைப்பம். 1 தொன் கல்லில நூற்றுக்கு ஒரு வீதம் செம்பு இருந்தா வாறது 10 கிலோ. அதை எடுக்க லட்சக்கணக்கான தொன் கல்லு வேணும், ட்ரில் போட்டு ஆழத்தில கல்லுத்தண்டு எடுத்துப் பாக்கோணும். கிணத்துக் கல்லு ஒண்டைக் கையில வச்சுக்கொண்டு விலை பேசிற கொம்பனி உலகத்தில இல்லை.

பிறகு அந்தக் கையெழுத்து. 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்க சுரங்க, கனிமப் பொருட்கள் சட்டப்படி நிலத்துக்குள்ள இருக்கிற கனிமம் அரசுக்குச் சொந்தம், உங்களுக்குமில்லை புரோக்கருக்குமில்லை. தேடவும் லைசன்ஸ், தோண்டவும் லைசன்ஸ், ஏத்தவும் லைசன்ஸ், எல்லாம் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தில. அப்ப புரோக்கருக்கு உங்கட கையெழுத்து எதுக்கு? காணிக்கு. வெத்துத் தாளில கையெழுத்து விழுந்தா நாளைக்கு அது குத்தகை, நாளையிண்டைக்கு கிறவல் வெட்ட உங்கட சம்மதம். அதோட வன்னியில கனபேரிட்ட இருக்கிறது உறுதி இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட பெர்மிட். பெர்மிட் காணிய பிரதேச செயலாளரின்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாத்தேலாது, ஏமாந்து குடுத்தா பெர்மிட்டுக்கே சிக்கல் வரும்.

எனக்குக் கோவம் புரோக்கர்மாரில மட்டுமில்லை. 1 லட்சத்துக்கு 1 அளவில புவிச்சரிதவியல் வரைபடம் நாடு முழுக்க அச்சடிச்சு எவ்வளவு காலம், எந்தப் பக்கத்து நிலத்துக்குக் கீழ என்ன பாறை எண்டு அதில இருக்கு. அதைத் தமிழில ஒரு பக்கமாச் சுருக்கி பிரதேச செயலகச் சுவரில ஒட்ட என்ன செலவு? நான் ஒரு அலுவலகத்தில இதைக் கேட்டு மூண்டு தரம் கடிதம் குடுத்தன், மூண்டு தரமும் "மேலுக்கு அனுப்பியிருக்கு" எண்ட ஒரே பதில்தான். சனம் புரோக்கரிட்டப் போகாமல் வேற எங்க போகும்?

அவர் திரும்பி வந்தா லைசன்ஸ் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கோ, தந்தா அதைப் பணியகத்தில காட்டிக் கேளுங்கோ. கிணத்து வேலைய நிப்பாட்டாதேங்கோ, ஐப்பசி மழைக்கு முதல் கட்டி முடியுங்கோ. ஆணி சிவந்திருந்தா மட்டும், குடிக்க முதல் ஒரு போத்தல் தண்ணிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிட்டக் குடுத்து செம்பு அளவு பாக்கச் சொல்லுங்கோ.